வருங்கால அமரர்களின் இரகசியம்

மனித குலம் தன் இரகசியங்களை ஒப்படைக்க நம்பிக்கையான இடம் தேடி அலைந்த காலம் முடிந்துவிட்டது. சாமியிடம் சொன்னால் பூசாரிக்குத் தெரிந்துவிடுகிறது. டாக்டரிடம் சொன்னால் மருந்து எடுத்துக் கொடுப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெண்டாட்டியிடம் சொல்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்த நெடுந்தேடல் கடைசியில் ஹட்டன் நகரில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில், ‘சாந்திப் பயணம் இறுதிச் சேவைகள் பிரைவேட் லிமிடெட்’ என்ற பெயர்ப்பலகையின் கீழ் வந்து முடிவுற்றது.

சாவதற்கு முன்பே சாவை ஒழுங்கு செய்துகொள்ளும் நாகரிகத்தை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. பெட்டி எந்த மரம், புதைப்பதா எரிப்பதா, தப்பு மேளமா பேண்டா, யார் யாருக்குச் சொல்லியனுப்புவது, எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைத்துவிட்டுக் கீழே இறங்கி ஒரு பணிஸ் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிச் சொல்லிவைத்தவர்களை ‘வாடிக்கையாளர்’ என்று அங்கே கொச்சையாக அழைப்பதில்லை. ‘வருங்கால அமரர்’ என்பதுதான் மரியாதையான சொல்.

வருங்கால அமரர்களின் இரகசியங்களைக் காக்கும் பொறுப்பு ஜனார்த்தனனுடையது. ‘தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்பு அதிகாரி’ என்று மூன்று மொழிகளிலும் எழுதிய அட்டை அவன் கழுத்தில் தொங்கும். பாதுகாப்புக் கருதி எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டிருப்பான். கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்ததால், சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒருக்களித்து நின்றபடிதான் வேலை பார்க்க வேண்டும். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று மனைவி ஷாமிலா கேட்டால், கேட்பதன் நோக்கத்தை விசாரித்தறிந்த பிறகே பருப்பு என்று சொல்வான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். லயத்தில் பக்கத்துக் காம்பராக் குழம்பில் உப்புக் குறைந்தால் இந்தக் காம்பராவில் தெரியும். கடைசிக் காம்பராவில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் முதல் காம்பராவிலிருந்து தீர்ப்பு வரும். சின்ன வயதில் அவன் பரீட்சையில் பெயிலான செய்தி அவனுக்குக் கிடைக்கும் முன்பே லயம் முழுவதும் துக்கம் விசாரித்து முடித்திருந்தது. அப்படிப்பட்டவனுக்கு, யாரிடமும் எதையும் சொல்லாமலிருக்கச் சம்பளம் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் முன்வந்தபோது கண் கலங்கிவிட்டது.

நிறுவனத்தின் பணிப்பாளர் நிரோஷன், மாதம் ஒருமுறை ‘இரகசியக் காப்புக் கூட்டம்’ நடத்துவார். கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்ட பிறகே கூட்டம் தொடங்கும். பூக்கடைக்காரர், கூடாரம் வாடகைக்கு விடுபவர், பேண்ட் கோஷ்டித் தலைவர், கினிகத்தேனைப் புடவைக்கடை முதலாளி ஆகியோர் ‘கூட்டாளி நிறுவனங்கள்’ என்ற முறையில் முன்வரிசையில் அமர்ந்து ரோல்ஸ் சாப்பிடுவார்கள். அந்த மாதத்து வருங்கால அமரர்கள் சொல்லிவைத்த விவரங்கள் ஆளுக்கொரு பிரதியாகக் கொடுக்கப்படும். எல்லோரும் அதை மிக இரகசியமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை ஜனார்த்தனனுக்கு இதில் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. கூட்டம் முடிந்ததும் பணிப்பாளரைத் தனியே பிடித்தான்.

“சேர், வெளியாட்களுக்கு ஒன்னும் குடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களே?”

“யாருக்குக் குடுத்தோம்? இவங்க கையெழுத்து வச்ச ஆளுங்க. நம்ம ஆளுங்க.”

“அப்ப குடும்பத்துக்காரங்களுக்கும் குடுக்கலாங்களா?”

நிரோஷன் அவனை வருத்தத்தோடு பார்த்தார். “அவங்க நம்மகிட்ட கையெழுத்து வச்சிருக்காங்களா ஜனா? அவங்கதானே வெளியாளு.”

சட்டத்தின் ஆழம் ஜனார்த்தனனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்படிப்பட்ட கோட்டைக்குள்தான் வேலாயி ஒரு நாள் வந்து சேர்ந்தாள். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில் காலமெல்லாம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். உள்ளே வந்ததும் தானே கதவைச் சாத்தினாள். இதைக் கண்டு ஜனார்த்தனன் உள்ளூர மெச்சினான்.

அவளுக்கு ஒரு தம்பி, பெயர் பெரியதம்பி. உடப்புசல்லாவைப் பக்கத்தில் இருந்தவர். தன் மகனுக்கு வேலாயியின் மகள் கௌசியைக் கேட்டார். முறைப்பையன்தான். கௌசி மாட்டேனென்று அழுதாள். வேலாயி மகள் பக்கம் நின்றாள். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிப் போனவர், தோட்டத்தையும் விட்டு, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு, எங்கேயென்று தெரியாமல் போய்விட்டார். கொழும்பு என்றார்கள் சிலர், கொத்மலை என்றார்கள் சிலர். வேலாயி மட்டும் ஒரு தேர்த்திருவிழாவில் யாரிடமோ கேட்டு, அவர் கினிகத்தேனையில் இருப்பதையும் அவருடைய நம்பரையும் அறிந்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். போன் எடுத்துப் பேசத்தான் வாய் வரவில்லை.

“எந்தம்பி வந்து கோடி போடாம என்னையத் தூக்கக்கூடாதுங்க” என்றாள், அந்த நம்பரை ஒப்பித்து எழுதவைத்துவிட்டு. “இது கௌசிக்குத் தெரியவேணாம். தன்னாலதான் மாமன் வரலேன்னு நெனச்சு அழுவா. நான் கண்ண மூடுனப்பறம் நீங்களே அவனுக்குச் சொல்லிவிட்டுருங்க.”

ஜனார்த்தனன் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து, உங்கள் இரகசியம் உங்களோடுதான் சாகும் என்று உறுதி கூறினான். வேலாயி அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மாசியில் அவள் இறந்துபோனாள். விடிந்தும் விடியாமலும் கௌசி நிறுவனத்துக்குப் போன் செய்தாள். அதன்பின் நடந்த பணிகளின் வேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பக்கத்துக் காம்பரா மீனம்மா வந்து கௌசியைக் கட்டிப்பிடித்து அழுவதற்குள் பூக்கடையிலிருந்து விலைப்பட்டியல் வந்துவிட்டது. பேண்ட் கோஷ்டி போனிலேயே ஒரு பாட்டு வாசித்துக் காட்டியது. பதினாறாம் நாளுக்கு இடியாப்பமா சோறா என்று ஒருவர் கேட்டார்.

பொது அறிவித்தல் மட்டும் சற்றுக் கட்டுப்பாட்டோடு நடந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ டிவிசன் டிவிசனாகப் போய், ‘உங்கள் அனைவருக்கும் நன்கு தெரிந்த ஒருவர் காலமாகிவிட்டார், தரவுப் பாதுகாப்புக் கருதிப் பெயரும் இடமும் வெளியிடப்படவில்லை, உற்றார் உறவினர் தவறாது கலந்துகொள்ளவும்’ என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டது. மேல் டிவிசனில் காய்ச்சலோடு படுத்திருந்த அழகன் வீட்டுக்கு மாலையோடு நாலு பேர் போய்விட்டார்கள். அவர் காய்ச்சல் அதோடு விட்டது என்று சொல்கிறார்கள்.

பெட்டியோடு ஜனார்த்தனனும் தோட்டத்துக்குப் போனான். வாசலில் தப்புக்காரர்கள் நெருப்பில் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டி முடிந்துவிட்டது. மூன்று மணிக்குத் தூக்க வேண்டும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எங்கே என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வேலாயிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது பெரியதம்பி ஒருவர்தான்.

கௌசி ஜனார்த்தனனைத் தனியே அழைத்தாள்.

“அம்மா ஒங்ககிட்ட யாருக்காச்சும் சொல்லச் சொல்லுச்சுங்களா சேர்?”

“ஒரு உறவினரைப் பத்தி அறிவுறுத்தல் ஒன்னு இருக்குங்க. அதுக்கு மேல சொல்ல எனக்கு அதிகாரமில்ல.”

“மாமாதானுங்களே? நம்பர் இருந்தாக் குடுங்க. நானே பேசுறேன். கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்.”

“அதுக்கு அம்மாவோட எழுத்து மூலச் சம்மதம் வேணுங்க.”

கௌசி திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

“அம்மா செத்துப்போச்சுங்க.”

“அதுலதாங்க சிக்கலே வருது” என்றான் ஜனார்த்தனன், உண்மையான அனுதாபத்தோடு.

அவள் உள்ளே போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ செய்தது. சட்டத்துக்கு உட்பட்டு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே, லயத்துக்குப் பின்னால் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய், அங்கே ஒருவரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பெரியதம்பிக்குப் போன் போட்டான்.

“வணக்கங்க. சாந்திப் பயணத்துலருந்து பேசுறேன். பெரியதம்பிங்களா?”

“ஆமா. என்ன வேணும்?”

“நீங்கதான் பெரியதம்பின்னு உறுதிப்படுத்த அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்க.”

“எதுக்குச் சொல்லணும்?”

“ஒங்களுக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்குங்க. யாரப் பத்தின செய்தி, என்ன செய்தின்னு இப்பச் சொல்ல முடியாது. கேக்குறதுக்கு நீங்க சம்மதிச்சீங்கன்னா சம்மதப் படிவம் தபால்ல வரும்.”

மறுமுனையில் குரல் தணிந்தது.

“எனக்கு லொத்தர்ச் சீட்டு விழுந்திருக்கா?”

“அதையும் சொல்ல முடியாதுங்க.”

‘ஒங்க அக்கா செத்துட்டாங்க, ஓடியாங்க’ என்பது ஜனார்த்தனனின் தொண்டை வரை வந்துவிட்டது. லயத்துப் பிள்ளையின் தொண்டை அல்லவா. ஆனால் நிறுவனத்தின் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். இந்த ஆண்டின் ‘சிறந்த மௌனி’ விருதுக்கு அவன் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் இருந்தது. அவன் அதை விழுங்கிக்கொண்டான். இந்த வயசில் என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டுப் பெரியதம்பி போனை வைத்துவிட்டார். மறுபடி எடுத்தபோது அழைப்பே போகவில்லை. நம்பரையும் தடுத்துவிட்டிருந்தார்.

மூன்று மணி தாண்டியது. மலைக்கு மேல் மூட்டம் கட்டிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்துப் பார்த்துவிட்டு, இனித் தாங்காது என்றார்கள். கௌசி உள்ளே போய்த் தன் துணிப்பெட்டியிலிருந்த சேலையொன்றை எடுத்துவந்து அம்மாமீது போர்த்தினாள். அது மகள் வீட்டுச் சேலை, பிறந்த வீட்டுச் சேலை ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். தப்பு முழங்கத் தொடங்கியது.

பெட்டியைத் தூக்கக் குனிந்தபோதுதான் ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை மீசையோடு ஒருவர் இறங்கி, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புடவைக்கடைப் பையை மறுகையில் பிடித்துக்கொண்டு, படியில் தடுக்கித் தடுக்கி ஏறி வந்தார். கூட்டம் தானாக விலகியது. பெரியதம்பி பையிலிருந்த சேலையைப் பிரித்து அக்காமீது போட்டார். அக்கா என்று ஒருமுறை கூப்பிட்டார். கௌசி அவர் காலில் விழப் போனாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“ஒன்னால இல்ல ஆத்தா. என் வீம்புதான்.”

தப்படிப்பவர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே கலங்காமல் நின்றவன் ஜனார்த்தனன் ஒருவன்தான். அவனுக்குள்ளிருந்த அதிகாரி அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தான். இந்த மனிதரிடம் யார் சொன்னது? எங்கே ஓட்டை? மெல்ல நெருங்கி, இது ‘பாரதூரமான இரகசிய மீறல்’ என்றும், செய்தி கசிந்த வழியைத் தெரிவித்தால் நிறுவனம் கடும் நடவடிக்கை எடுக்கும் என்றும் சொன்னான்.

பெரியதம்பி மடியிலிருந்து போனை எடுத்துக் கௌசியிடம் கொடுத்தார். “கினிகத்தேனைக் கடைத்தெருவுல எல்லாத்து போனுக்கும் வந்திருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல கடலை விக்கிறவந்தான் சத்தமா வாசிச்சுக் காட்டுனான்.”

கௌசி வாசித்தாள்.

‘ஆழ்ந்த அனுதாபம்! அமரர் வேலாயியின் தம்பி பெரியதம்பி அவர்களுக்கும் அயலவர்களுக்கும்: “எந்தம்பி வந்து கோடி போடாம என்னையத் தூக்கக்கூடாது. இது கௌசிக்குத் தெரியவேணாம்” என்ற அன்னாரின் கடைசி ஆசையை நிறைவேற்ற, பிறந்த வீட்டுக் கோடிச் சேலைகள் இன்று மட்டும் விசேட விலைக்கழிவில். தூக்குமுன் முந்துங்கள்! சாந்திப் பயணத்தின் நம்பிக்கைக்குரிய கூட்டாளி.’

தன் பெயர் வந்த இடத்தில் அவள் நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை வாசித்தாள்.

“கடலை விக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் மெதுவாக. “எனக்கு மட்டுந்தான் தெரியல.”

ஜனார்த்தனனுக்கு ஒரு கணம் தலை குனிந்தது. மறுகணம் நிமிர்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், கௌசிக்குத் தெரியக்கூடாது என்பதுதானே வருங்கால அமரர் இட்ட கட்டளை? நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் கடைசி நிமிடம் வரை கௌசியிடம் சொல்லவில்லையே. நிறுவனம் கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறது. இதை எப்படிப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம் என்று அவன் தொண்டையைச் செருமினான்.

சற்றுமுன் பேசிய அந்தக் குரல் அப்போதுதான் பிடிபட்டு, பெரியதம்பி திரும்பி அவனை உற்றுப் பார்த்தார்.

“மத்தியானம் அடையாள அட்டை நம்பரக் கேட்டுப் போன் பண்ணது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“எவனோ களவாணின்னு நெனச்சு வச்சிட்டேன்.”

“பரவாயில்லைங்க ஐயா” என்றான் ஜனார்த்தனன் பெருந்தன்மையோடு. “தெரியாமத்தானே அப்படி நெனச்சீங்க.”

பெரியதம்பி கௌசியிடமிருந்து போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அக்காவைத் தூக்கக் குனிந்தார்.

“இல்லைங்க. சரியாத்தான் நெனச்சிருக்கேன்.”