பல்லண்ணன் கையும் என் ஈறும்

தன் கையைப் பற்றிப் பல்லண்ணன் அளவுக்குப் பெருமை பேசிய மனிதர் மலாக்காவில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அங்கே கஜா பெராங் வட்டாரத்தில் பல் பிடுங்கிப் புதுப்பல் கட்டும் கடை வைத்திருந்தார். பட்டம் கிடையாது, ஒரு சீனப் பல்காரரிடம் வேலை கற்றவர். தன் கை பட்ட வாய் கெட்டதாகச் சரித்திரமே இல்லை என்று வலது கையைத் தானே தடவிக்கொள்வார். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டதாகப் பேச்சு.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பல் பிடுங்கினால் ஈறு ஆறும்வரை புகைக்கக் கூடாது. ஆறாத ஈறில் பல் கட்டமாட்டார். "ரத்தத்துல போலீஸ்காரனுங்க இருக்கானுங்க. புண்ணுக்கு அவனுங்கதான் காவல். நீ புகைய உட்டா ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்" என்பார், வாயில் சுருட்டோடு. நீங்கள் மட்டும் குடிக்கிறீர்களே என்றால், என் வாயில் புண் இல்லை, எனக்குப் போலீஸ் எதற்கு என்பார்.

சட்டத்தை மீறுகிறவனைப் பிடிக்கக் காலையில் கோப்பிக் கடைக்கே வந்துவிடுவார். ரொட்டி தின்றுகொண்டிருப்பவனை வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார். அப்படி மாட்டிய ஒரு குமாஸ்தா மூன்று மாதம் ஓட்டை வாயோடு அலுவலகம் போனார்.

ஆனால் புண்ணில் தடவ அவரே கிராம்பு எண்ணெய் கொடுப்பார். சுமத்ராவிலிருந்து வரும் கிராம்புச் சிகரெட்டை அடித்தால் வாயில் அச்சு அசல் அதே வாசனை. எண்ணெயை ஒழுங்காகத் தடவுகிறான் என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார் மனிதர்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் பந்து விளையாட்டில் என் முன்பல் உடைந்தது, மிச்சத்தைப் பல்லண்ணன் பிடுங்கினார். செமாபோக்கில் பெண் பார்க்க நாள் குறித்தாயிற்று. பெண்ணின் அப்பா வாத்தியார். சிகரெட் குடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று முதலிலேயே சொன்னவர். நானோ அந்தப் பெண்ணைக் கோயிலில் பார்த்து ஏற்கெனவே கிறுக்குப் பிடித்துக் கிடந்தேன். ஆனாலும் சிகரெட்டை விட முடியவில்லை. கிராம்புச் சிகரெட்டுக்கு மாறிக்கொண்டேன்.

மூன்று வாரமாகியும் ஈறு வீங்கிச் சிவந்தே இருந்தது. பெண் பார்க்கும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி அனுப்பினோம். பல்லண்ணன் தினமும் மோந்தார், கிராம்பு மணத்தது. பையன் யோக்கியன் என்றால் தப்பு தன்னுடையதுதான். குனிந்து பார்க்கும்போது தன் சுருட்டுப் புகைதான் என் புண்ணில் படுகிறது என்று முடிவுகட்டி, முப்பது வருஷச் சுருட்டை அன்றே நிறுத்தினார்.

தெரு படாதபாடு பட்டது. சுருட்டுக்குப் பதிலாக நாளுக்கு ஒரு பென்சிலைக் கடித்து முடித்தார். போகிற வருகிற பூனையோடெல்லாம் சண்டை போட்டார். அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்து புகையை மோந்துகொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி தெருவில் நின்று புலம்பினார். ஒருநாள் என் வாய்க்குள் பார்த்துவிட்டுக் கண் கலங்கி, தன் கை போய்விட்டது என்றார். நான் உண்மையைக் கொட்டிவிட்டேன்.

அவர் என்னை அறைவதற்குள் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. பெண்ணின் அப்பா. நாள் ஏன் தள்ளிப்போகிறது என்று விசாரிக்க வந்திருந்தார்.

"சிகரெட் குடிச்சா ஈறு ஆறாதுன்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதானே? பையன் குடிக்கிறானா?"

பல்லண்ணன் வாயிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பையன் மேல தப்பில்ல சார். என் கைதான் சரியில்ல. மருந்த மாத்திப் போட்டுட்டேன்."

வாத்தியார் கடையை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் ஒரு மாதம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் எனக்கு அறை விழுந்தது. இனி ஒரு சிகரெட் குடித்தால் மிச்சப் பல்லும் போகும் என்றார். விட்டேன். ஈறு ஆறியது, பல் வந்தது, பெண்ணும் வந்தாள். வாத்தியார் மட்டும் பல்லண்ணனுக்குக் கை சரியில்லை என்று செமாபோக் முழுக்கச் சொல்லிவைத்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் பல்லண்ணனிடம் வருவது நின்றே போனது. கடைசிவரை அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

என் மனைவி இன்றைக்கும் என் பல்லைப் பார்த்தால், உங்கள் ஈறைக் கெடுத்தாரே, வேலை தெரியாத மனுஷன் என்பாள். நானும் தலையாட்டிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அவள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவள். படிக்கட்டும். எனக்குச் சோறு கிடைக்காமல் போனாலும் போகட்டும். பல்லண்ணன் கை நல்ல கை.