நாலு பல் பின்னால்

எதையும் இறுக்கிவிட்டால் பத்திரம் என்று நம்புகிற ரகம் நான். நான் மூடிய ஊறுகாய் பாட்டிலை எங்கள் வீட்டில் வேறு யாரும் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. இந்தப் புத்தியோடுதான், தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள், அப்பாவின் அறுபது வயது தாண்டிய காருக்கு பிரேக் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

மாதா கோயிலுக்கு அந்தக் காரில்தான் போவேன் என்று ஸ்டெல்லா ஒற்றைக்காலில் நின்றாள். பிரேக்கோ, மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். சைதாப்பேட்டை மெக்கானிக் ஊரில் இல்லை.

"வாடகைக் கார் சொல்லிடலாம்மா" என்றார் அப்பா.

"அப்ப நான் எதுக்குப்பா இருக்கேன்?" என்றேன். (நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவள்.)

வேலை சுலபம். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டை. அதில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைத் திருப்பினால் பிரேக் ஷூ விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைத் தொடும். தொட்டதும் நாலு பல் பின்னால் திருப்பச் சொன்னது நான் பார்த்துக் கற்ற யூடியூப் வீடியோ. கஷ்டப்பட்டு இறுக்கியதை யாராவது தளர்த்துவார்களா? ஒரு பல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பூசை. அடுத்த கல்யாணம் காத்திருப்பதால், தாமதமானால் பாட்டுகளை வெட்டிவிடுவேன் என்று ஃபாதர் எச்சரித்திருந்தார். அபிராமபுரத்திலிருந்து நானே ஓட்டினேன். மந்தைவெளி தாண்டவில்லை. சூட்டில் ஷூ இன்னும் விரிந்து டிரம்மைக் கவ்விக்கொள்ள, வண்டி நடுரோட்டில் நின்றேவிட்டது.

"இன்னா மேடம், சக்கரத்துல பொக வந்துகினு கீது! தண்ணி ஊத்தவா?" என்று ஓர் ஆட்டோக்காரர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"ஐயோ, வேணாண்ணே! டிரம் விரிசல் விட்டுடும்!" (அந்த வீடியோவில் நான் மதித்த ஒரே வரி இதுதான்.)

சூடு தணிந்ததும் அவரே ஜாக்கி போட்டுத் தந்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் படுத்தேன். வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்தபடி கல்யாணப்பெண் பக்கத்தில் நின்று, நான் பாக்கி வைத்த மூன்று பல்லையும் எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... அக்கா, இன்னும் ஒரு பல் பாக்கி, ஏமாத்தாதே!" நாலு சக்கரத்துக்கும் இதே கதை.

நாற்பது நிமிஷம் தாமதம். ஃபாதர் சொன்னபடி இரண்டு பாட்டை வெட்டினார். ஆனால் கோயில் வாசலில், கம்பளம் தொடங்கும் இடத்தில், மிதித்த மாத்திரத்தில் கார் நின்றதே, அந்தப் பெருமை எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தப் பூரிப்பில் ஸ்டெல்லாவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். கல்யாண ஆல்பம் முழுக்க, அவள் இடுப்பில் என் ஐந்து கருப்பு விரல்கள்.

கவுனை அவள் சலவைக்கே போடவில்லை. "எங்கக்கா ரிப்பேர் பண்ண கார்லதான் வந்தேன், சாட்சி வேணாமா?" என்கிறாள். என் மகனை மார்க்குக்காக நான் உலுக்கும்போதெல்லாம், அவன் சித்திக்குப் போட்ட போனில் அவள் குரல் வரும்: "அக்கா, நாலு பல் பின்னால!"

மெக்கானிக் எப்போதோ திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் அப்பா பிரேக்கை மட்டும் என்னிடம்தான் விடுகிறார். நான் நாலு பல் எண்ணித் திருப்புகிறேன். அவர் பக்கத்தில் குனிந்து நின்று, சத்தமாக இன்னொரு தடவை எண்ணுகிறார்.