நகராத நியூக்ளியஸ்

உயிருள்ள செல்லுக்கு நடுநாயகமான நியூக்ளியஸை முதலில் கண்டவர்கள் நாங்கள்தான் என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் உரிமை கொண்டாடலாம். கொண்டாடட்டும். ஆனால் சாயம் போடாமல், எந்தச் செல்லை வைத்தாலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், குங்கும நிறத்தில் அதைக் காட்டிய பெருமை ரேணிகுண்டா சாலையிலுள்ள விஞ்ஞான சூடாமணி ஜூனியர் காலேஜுக்கு மட்டுமே உரியது.

அந்தக் காலேஜில் மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. ஆயுத பூஜையன்று கரஸ்பாண்டெண்ட் சுரேஷ்பாபு பஸ்ஸுக்கும் பெல்லுக்கும் பொட்டு வைத்த கையோடு அதற்கும் வைத்தார். வஞ்சனை இல்லாத மனுஷன். உடம்புக்கு ஒன்று வைத்ததோடு நிற்காமல், கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்கும் மோதிர விரலால் ஒரு துளி வைத்தார். அதைத் துடைக்க முடியாது. இரண்டு வருஷம் முன்பு டிரைவர் பஸ்ஸைக் கழுவிப் பொட்டை அழித்த மறுநாளே, திருச்சானூர் பக்கம் அது ஓர் எருமையை முட்டியது. அந்த வருஷம் அட்மிஷனும் படுத்துவிட்டது. ‘கரஸ்பாண்டெண்ட் அவர்கள் தம் திருக்கரத்தால் இட்ட பொட்டை எவரும், எக்காரணம் கொண்டும்’ என்று தொடங்கும் சர்க்குலர் இன்றும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது.

பாட்டனி லெக்சரர் தனசேகர் பூஜை முடிந்து காலேஜ் திறந்த அன்றே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வெங்காயத் தோலை வைத்துக் கண்ணைப் பொருத்தினார். செங்கல் அடுக்கினாற்போல் செல்கள், நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். கண்ணாடியைத் திருகினார். வட்டமும் கூடவே திரும்பியது. கைக்குட்டையை எடுத்தார். சர்க்குலர் ஞாபகம் வந்தது. தான் நாகலாபுரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவதும், தன்னுடைய பர்மனென்ட் ஆர்டர் நாலு வருஷமாகக் கரஸ்பாண்டெண்ட் மேஜையில் ‘பரிசீலனையில்’ இருப்பதும் ஞாபகம் வந்தது. கைக்குட்டையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘நியூக்ளியஸ் சிவப்பு, நடுவில் இருக்கும்’ என்று போர்டில் எழுதினார்.

இருநூற்றுப் பதினாலு பிள்ளைகள் சிவப்புப் பென்சில் வாங்கினார்கள். இருநூற்றுப் பதிமூன்று பேர் ரெக்கார்டில் வரைந்தார்கள். மிச்சம் ஒருத்தி ஹரிப்ரியா, நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பெண்.

“சார், ஸ்லைட தள்ளினா செல்லு நவுந்துக்கினே போவுது. நியூக்ளியஸ் மட்டும் குந்தின எடத்துலயே குந்திக்கினு இருக்குது.”

“தலைமைப் பொறுப்புல இருக்கறதும்மா. அப்படித்தான் இருக்கும்.”

“எங்க நைனா தறில ஓடற துணில கறை பாத்தாருன்னா, துணியோட கறையும் ஓடுதான்னு பாப்பாரு. ஓடலன்னா கறை துணில இல்ல சார், அவுரு மூக்குக் கண்ணாடில.”

நெசவுத் தொழில் விஞ்ஞான வளர்ச்சிக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று தனசேகருக்கு அன்றுதான் புரிந்தது.

ஹரிப்ரியா தான் கண்டதையே வரைந்தாள். செல்லுக்கு ஒன்றாக, சுவரோரம் ஒண்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு மங்கல் உருண்டைகள். சிவப்பு இல்லாத ரெக்கார்டு உடனே மேலிடத்துக்குப் போனது. ரெக்கார்டில் கரஸ்பாண்டெண்ட், லெக்சரர் இருவர் கையெழுத்தும் இல்லையென்றால் பிராக்டிகலுக்கு ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லையென்றால் அவள் ஆசைப்பட்ட நர்சிங்கும் இல்லை.

விசாரணைக் குழு கூடியது. கரஸ்பாண்டெண்ட், பிரின்சிபால் வேங்கடாசலம், தனசேகர் ஆகிய மூவர், எதிரே ஹரிப்ரியா. பட்டுத் துணி விரித்த மேஜையில் மைக்ராஸ்கோப் எழுந்தருளியிருந்தது. சுரேஷ்பாபு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

“பாகா உந்தி! எவ்ளோ நல்லாத் தெரியுது! ஏம்மா, உனக்குக் கண்ணு இல்லியா?”

“சார், நான் இன்னும் வெங்காயமே வெக்கல சார்.”

பிரின்சிபால் தொண்டையைச் செருமினார். “வெங்காயம் வெக்காமலே நியூக்ளியஸ் தெரியுதுன்னா, நம்ம மைக்ராஸ்கோப்புக்கு எவ்ளோ பவர் பாருங்க சார்!”

இந்தச் சாதனையை அட்மிஷன் பேனரில் போடுவது என்றும், ஹரிப்ரியா நாளைக் காலைக்குள் சிவப்பு வைக்க வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதில் தனசேகரும் அடக்கம். வெளியே வரும்போது சுரேஷ்பாபு அவர் தோளில் கைபோட்டு, “அந்தப் பொண்ணு செவப்பு வெச்சிட்டா, உங்க ஆர்டரும் நாளைக்கே வந்துரும்” என்றார்.

தனசேகர் அவளை வராந்தாவில் பிடித்தார். “ஒரு பொட்டுதானேம்மா? வெச்சுட்டுப் போயேன்.”

“அது இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

அவருக்குச் சொந்தப் பெண்ணிடம் பிடிபட்டதுபோல் வெட்கமாக இருந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

அவள் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். “சரி சார். செவப்பு வெக்கறேன்.”

மறுநாள் ரெக்கார்டுகள் கரஸ்பாண்டெண்ட் மேஜையில் மலையாகக் குவிந்தன. சுரேஷ்பாபு பக்கத்தைப் புரட்டுவார், சிவப்பு தெரியும், கையெழுத்துப் போடுவார். எழுத்தைப் படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. ஹரிப்ரியாவின் பக்கத்திலும் சிவப்பு தெரிந்தது, போட்டார். சொன்ன சொல் தவறாதவர், தனசேகரின் ஆர்டரிலும் போட்டார்.

நாலு வருஷக் காத்திருப்பு முடிந்த சந்தோஷத்தில், தனசேகர் புதுப் பேனாவைத் திறந்துகொண்டு தன் கையெழுத்துக்காக அந்தப் பக்கத்தை எடுத்தார். செல்கள் முன்போலவே இருந்தன. சுவரோர உருண்டைகளுக்கு அம்புக்குறி போட்டு ‘நியூக்ளியஸ்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தின் நடுவில், எந்தச் செல்லையும் சேராமல் ஒரு சிவப்பு வட்டம். அதற்கும் அம்புக்குறி இருந்தது: ‘கண்ணாடியில் வைத்த பொட்டு’. படித்தால் சுரேஷ்பாபு ஹால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். தனசேகர் அவசரமாக நோட்டை மூடப் போனார்.

அப்போதுதான் கடைசி அம்புக்குறி கண்ணில் பட்டது. அது பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கி, லெக்சரர் கையெழுத்துப் போடும் கோட்டில் வந்து முடிந்திருந்தது. அதன் மேல் நிதானமான கையெழுத்தில், ‘தெரிந்தும் துடைக்காதவர்’ என்று இருந்தது.

அந்த இடத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பரீட்சை இல்லை. தனசேகர் போட்டார். கீழே பதவியையும் ஒழுங்காக எழுதினார்: நிரந்தர விரிவுரையாளர்.