கத்தாத எருதும் வெட்டப்பட்ட பதினொரு வரிகளும்

எஷோபேனி நகரியம்,
பாலத்தடியில் பூசணித் தோட்டத்து வீடு.
திங்கட்கிழமை.

‘ஆற்றோரம்’ வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓபேத் மபாசோ வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், இடது முழங்கால் நீங்கலாக.

நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற சனிக்கிழமை, சக்கேலே ஷோசியின் அறுபதாவது பிறந்தநாள் விழாவில், நான் கட்டிய புகழ்ப்பாட்டிலிருந்து பதினொரு வரிகளை வெட்டினார்கள். அதனால் பலிக்கு நிறுத்திய எருது கத்தவில்லை. கத்தாத எருதுக்குப் பதிலாக ஒலிபெருக்கியைக் கத்தவிட்டார்கள். உங்கள் இதழோ ‘எருது மூன்று முறை முழங்கியது’ என்று முதல் பக்கத்தில் போட்டது. உங்கள் நிருபர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார் என்பதற்கு என்னிடம் நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கப் பால்பண்ணையில் முப்பத்தொரு ஆண்டு பால் கறந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. தீவன மூட்டைகளில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன். புகழ்ப்பாட்டுக் கட்டவும் யாரும் கற்றுத்தரவில்லை, மாடுகளுக்குப் பாடிப் பாடி வந்தது. சக்கேலே என் அக்காள் மகன். ஆகவே அவன் எதிரிகளில் யாரோ என்னைத் தூண்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவனுடைய எதிரிகளைவிட எனக்கு அவனைப் பற்றி அதிகம் தெரியும்.

உங்கள் இதழில் அவன் வாழ்க்கை வரலாறு என்று நான்கு பக்கம் வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். அந்த மனிதர் எனக்கு அறிமுகம் இல்லை. எனக்குத் தெரிந்த சக்கேலே, ஒரு பழைய மினிபஸ் டாக்ஸியில் தொழிலைத் தொடங்கியவன். அந்த வண்டியின் கதவு திருப்பங்களில் கழன்றுவிடும். கதவோரம் உட்காருகிறவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டும், இறங்கும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு தேர்தலில் நின்று பத்து ஆண்டுகள் எங்கள் வார்டுக்குக் கவுன்சிலராக இருந்தான். அதில் ஒரு வாரத்துக்குள் மூன்று கட்சி மாறினான், அந்த மூன்று நிறச் சட்டைகளும் இன்று அவனுடைய பெட்ரோல் பங்கில் கார் கண்ணாடி துடைக்கின்றன. நூல்நிலையம் கட்டினான், மழைக்காலம் முடியும்வரை மட்டும் என்று அதில் தன் கடையின் சிமெண்டையும் ஆணியையும் வைத்தான், அந்த மழைக்காலம் ஆறு ஆண்டு நீடித்தது. மூன்று கூட்டத்துக்கு வராத கவுன்சிலர் பதவி இழப்பார் என்று எதிரியை ஒழிக்க அவனே விதி கொண்டுவந்தான், தன் மூன்றாவது கடையைத் திறக்கப் போய் மூன்றாவது கூட்டத்தைத் தவறவிட்டு, அந்த விதியில் விழுந்த முதல் ஆளும் அவனே ஆனான். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நடைபாலம். ஆற்றின் அந்தக் கரையில் ஒழுங்காகத் தொடங்கி, நடுவில் யாரோ கூப்பிட்டதுபோல் வளைந்து, நேராக அவனுடைய மதுக்கடையின் பின்வாசலில் வந்து இறங்குகிறது. வியாழக்கிழமை தோறும் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் சீருடையும் பாட்டுப் புத்தகமுமாக மதுக்கடைக்குள் நுழைந்து, பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி, முன்வாசல் வழியாக வெளியே வந்துதான் தேவாலயத்துக்குப் போகிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் போகிறார்கள்.

இவையெல்லாம் என் பாட்டில் இருந்தன. வெள்ளம் வந்தபோது அவன் டாக்ஸிகள் மூன்று நாள் இலவசமாக மக்களை ஏற்றியதும் இருந்தது. ஆளில்லாமல் செத்தவர்களுக்கு அவன் சவப்பெட்டி கொடுத்ததும் இருந்தது. இருபத்து மூன்று வரிகள். பன்னிரண்டு நல்லது, பதினொன்று உண்மை.

விழாவை நடத்த ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ரெபிலோவே என்றொரு பெண்மணியை வரவழைத்திருந்தான். காதில் ஒரு போன், கையில் ஒரு போன் என்று இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே என்னிடம் ஒரு தாளை நீட்டினார். என் பாட்டு. பதினொரு வரிகள் மேல் கறுப்புக் கோடு.

“பாபா, இது பிறந்தநாள் விழா. நல்லதை மட்டும் பாடுங்க. அமைச்சர் வர்றாரு.”

“அமைச்சருக்கா பாடறேன்? செத்துப்போன பெரியவங்களுக்குப் பாடறேன். அவங்க இவனைக் கண்டுபிடிக்க வேணாமா?”

“கண்டுபிடிக்கப் பேரு இருக்கே பாபா.”

“இந்த ஊர்ல ஷோசின்னு இருநூறு பேர் இருக்கான் பாப்பா. மதுக்கடையில பாலத்தை இறக்குனவன் ஒருத்தன்தான்.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, கோடு போட்ட வரி வந்தால் மைக்கை அணைக்கும்படி ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிரியர் அவர்களே, இது என் வறட்டு கௌரவம் என்று நினைக்காதீர்கள். அது வெறும் பிறந்தநாள் அல்ல. அடுத்த மாதம் டர்பனில் சக்கேலேவுக்கு இருதயத்தை அறுத்துத் தைக்கப்போகிறார்கள். அமைச்சருக்குத் தெரியாது, உங்கள் நிருபருக்கும் தெரியாது. அதற்குத் துணை கேட்டுத்தான் எருது. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருக்கும்போது அவனைக் காக்க வேண்டியவர்கள் மூதாதையர். கறை இல்லாத, கட்சி மாறாத, கதவு கழலாத ஒருவனைக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? இது யார் வீட்டுப் பிள்ளையோ என்று பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடுவார்கள். என் அக்காள் சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று. “அவனைப் பாத்துக்க ஓபேத், அவன் பொய் பேசுவான்” என்றாள்.

மாட்டுப்பட்டிக்குள் வானம்பாடி முட்டைபோல் புள்ளி போட்ட எருது நின்றது. நான் பாடினேன். நல்ல வரிகளுக்கு மைக் இருந்தது, உண்மை வரிகளுக்கு இல்லை. பின்வரிசையில் கேட்டதெல்லாம் பாதியில் நிற்கும் பாட்டுத்தான். “பெரியவருக்கு விக்கல் போல” என்று ஒருவர் சொன்னாராம். ஷோசி குடும்பத்து மூத்தவர் ஈட்டி முனையால் எருதின் தோளைத் தொட்டார். எருது கத்த வேண்டும், கத்தினால்தான் மூதாதையர் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். அது அசைபோட்டது. மறுபடி தொட்டார். அமைச்சரைப் பார்த்தது. மூன்றாம் முறை தொட்டார். வாலை ஆட்டி ஓர் ஈயை ஓட்டியது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சக்கேலேவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அப்போது ரெபிலோவே தன் போனை அழுத்த, இடதுபக்க ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது, மூன்று முறை. பெண்கள் குலவையிட்டார்கள். அமைச்சர் கைதட்டினார்.

முப்பத்தொரு ஆண்டு பால் கறந்தவன் சொல்கிறேன், அது எருதின் குரலே அல்ல. கன்றைப் பிரித்த கறவைப் பசு, அதுவும் சீமைப் பசு. எருதே அந்த ஒலிபெருக்கியை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தது. குடும்பத்து மூத்தவர் ஈட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டார். அன்று விருந்தினர் மக்காச்சோளக் களியோடு சாப்பிட்டது கசாப்புக்கடையிலிருந்து வந்த இறைச்சி. மூதாதையர் மறுத்த எருதை வைத்துக்கொள்ள அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. “மாமாதான் மாடு தெரிஞ்சவரு” என்று என் முற்றத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இதை எழுதும்போது ஜன்னல் வழியாக என் பூசணி இலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆக, என் அக்காள் மகன் யார் என்றே மேலே யாருக்கும் தெரியாமல் கத்தியின் கீழ் படுக்கப்போகிறான். பதினொரு வரிகளையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை நாளைக் காலையில் நிதானமாக எழுதுகிறேன். இப்போது எழுதினால் ரெபிலோவேயின் பெயர் மட்டும் ஏழு முறை வரும்.

உங்கள் வீட்டில் நோய் இல்லாமலும் உங்கள் இதழில் பிழை இல்லாமலும் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் துணைவியாருக்கு என் அன்பு. நிருபருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஓபேத் மபாசோ

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: இன்று காலை நிதானமாக எழுத உட்கார்ந்தபோது வாசலில் சக்கேலேவின் கார் வந்து நின்றது. டிரைவர் இல்லை, அவனே ஓட்டி வந்தான். பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“மாமா, அந்தப் பதினோரு வரியையும் பாடு. முழுசாக் கேக்கணும்.”

பாடினேன். கதவுக்குச் சிரித்தான். மூன்று சட்டைக்குச் சிரித்தான். நூல்நிலையத்துக்கு, “ஆறு வருஷம் இல்ல மாமா, அஞ்சரை” என்றான். பாலம் வந்ததும் சிரிக்கவில்லை. நான் முடித்தேன். எருது அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

“பாத்தியா,” என்றான். “முழுசாப் பாடியும் கத்தல. ஒரு வரி கொறையுது மாமா.”

“என் பாட்டுல ஒண்ணும் கொறையாது.”

“இன்ஜினியர் அந்தப் பாலத்துக்கு எங்க முளை அடிச்சாரு? சொல்லு.”

நான் இடது காலை நீட்டிக்கொண்டேன். முழங்கால் வலித்தது.

“உன் தோட்டத்துல அடிச்சாரு. அந்த முளை மேல நாற்காலி போட்டு, கம்பை மடியில வெச்சு, ஒம்போது நாள் நீ உக்காந்திருந்த. பூசணிக்கொடி மேல எவன் கால் வைக்கிறான்னு பாக்குறேன்னு சொன்ன. என்கிட்ட இருந்த வேற எடம் மதுக்கடைப் பின்வாசல்தான். பதினெட்டு வருஷமா ஊரே என்னைத் திட்டுது, நீ பாட்டே கட்டிட்ட. நான் வாயத் தொறந்தேனா?”

“ஏன் தொறக்கல?”

“எங்கம்மா சாகும்போது என்கிட்டயும் ஒண்ணு சொன்னா. மாமனைப் பாத்துக்க, அவன் பிடிவாதக்காரன்னு.”

ஆசிரியர் அவர்களே, நான் இதை மறந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். யாரும் கேட்கவில்லை. ஆயினும் புகழ்ப்பாட்டுக்காரன் உண்மையைக் கேட்ட பிறகு சும்மா இருக்கக் கூடாது. எழுந்து நின்று பாடினேன்: ‘மாமனின் பூசணிக்கொடிக்காகப் பாலத்தையே வளைத்தவன், வளைத்ததை வாய்க்குள்ளேயே வைத்திருந்தவன்.’ எருது தலையை உயர்த்தி, இரண்டு தெரு தாண்டிக் கேட்கும்படி கத்தியது. அதற்குத் தாகம் என்றேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை. சனிக்கிழமை எருது கத்தவில்லை, செவ்வாய்க்கிழமை கத்தியது என்று நீங்கள் முதல் பக்கத்தில் திருத்தம் போட வேண்டும். பதினொரு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். இன்று பாடிய பன்னிரண்டாவதைச் சிறிய எழுத்தில் போட்டால் போதும். ரெபிலோவே அந்தச் சீமைப் பசுவின் குரலைத் தன் போனிலிருந்து அழிக்க வேண்டும். ஷோசி குடும்பத்து மூத்தவர் வரும் சனிக்கிழமை ஈட்டியோடு வர வேண்டும், அமைச்சர் வரக் கூடாது. ஜெபக்கூட்டப் பெண்கள் மதுக்கடைக்குள் போகாமல் தேவாலயத்துக்குப் போக, பாலத்தடியிலிருந்து சாலைக்குச் சக்கேலே ஒரு பாதை போட வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே வழி என் தோட்டத்தின் மேற்கு ஓரம். அங்கே பூசணிக்கொடியை நான்கடி நகர்த்த வேண்டியவன் ஓபேத் மபாசோ. ஆனால் பாதை போடுகிறவன் டர்பனிலிருந்து உயிரோடு திரும்பி வந்து, தன் வாயால் என்னைக் கேட்க வேண்டும். அதுவரை கொடி இருந்த இடத்திலேயே இருக்கும்.