பூசின சுவர்

"இந்தப் பாப்பா சட்டையில மழை வாசனை வருதுடி. மழை பேஞ்சு மூணு மாசம் ஆச்சு."

ராயபுரத்து கிளினிக்கில், திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. திரைக்கு இந்தப் பக்கம் என் அண்ணன் மகள் சாரா, ஐந்து வயது, நெபுலைசரை முகத்தில் பிடித்தபடி இரைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சம் அதிகம். யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன். அதனாலேயே எல்லாம் காதில் விழும்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். வீட்டில் எங்கோ பூசணம் இருக்கிறது, அதை எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமும் வருவீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், கூட வந்திருந்த ஆன்சி அண்ணி நர்ஸ் சொன்னது, டாக்டர் சொன்னது இரண்டையும் அண்ணனிடம் ஒப்பித்தாள்.

"வாடையா? என் வூட்லயா?" ஹென்றி அண்ணன் சிரித்தான்.

சிரிக்க அவனுக்கு உரிமை உண்டு. தண்டையார்பேட்டை குடோனில் அவன் மூக்குதான் மெஷின். கப்பலில் வந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி, கண்ணை மூடி முகர்வான். சரக்கு கெட்டிருந்தால் சிவப்பு சாக்பீஸால் மூட்டையில் பெருக்கல் குறி. அப்புறம் முதலாளியே கெஞ்சினாலும் அந்த மூட்டை உள்ளே போகாது. ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். அவன் முகர்ந்து முடிக்கும்வரை முப்பது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். பூசையில் மணி அடிக்கும்போதுகூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போடும் சட்டைப் பையிலும் அந்த சாக்பீஸ் இருக்கும்.

"பீரோ பின்னாடி சுவரு ஊறிக்கினு கீது சாராப்பா. அந்தாண்ட பாத்ரூம். பேத்துப் பாக்கணும்."

"அது நான் பூசின சுவரு."

"நீ பூசினதுதான் பூசணமாப் பூத்துக்கினு கீது."

"என் மூக்குக்குத் தெரியாதது டாக்டருக்கு இன்னா தெரியும்? கொசுவத்தியா இருக்கும். எதுத்த வூட்டுக் கருவாடா இருக்கும்."

குடோனில் அவன் பிரிப்பது சணல் சாக்கு. வீட்டில் அவிழ்த்துவிடுவதும் சாக்குதான்.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணி ஒரு துணிப்பையில் துவரம்பருப்பைப் போட்டு, நூல் கட்டி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நாலு விரல் சந்தில் இறக்கினாள்.

"இன்னா அண்ணி இது?"

"சரக்கு இறக்குறேன். நீ வாயத் தொறக்காத."

அது எனக்கு நன்றாக வரும்.

பத்து நாள் கழித்துப் பையை மேலே இழுத்தாள். அண்ணனின் குடோனில் மூட்டை தூக்கும் உச்சிமாகாளியிடம் கொடுத்தாள். காதில் ஏதோ சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்த கையோடு, அவர் அந்தப் பையோடு வாசலில் நின்றார்.

"அண்ணே, ஒரு பார்ட்டியோட சாம்பிள். வாங்கலாமான்னு கேக்குறாங்க."

அண்ணன் ஒரு பிடி அள்ளினான். கண்ணை மூடினான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"கடல் தண்ணி இல்ல. குழாத் தண்ணி."

எனக்குப் புல்லரித்தது.

"தரையில வெக்கல. தொங்க வுட்ருக்கான். ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் சிமெண்ட்டு. நடுவுல காத்தே போவாத சந்து." இன்னொருமுறை முகர்ந்தான். "எவனோ அரகொறையா பூசின சுவரு."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வாங்கலாமாண்ணே?"

"மாட்டுக்குக்கூடப் போடாத. இது இருந்த எடத்துல மனுசன் படுத்தான்னா நெஞ்சு கட்டிக்கும். அந்த ஆளு வூட்ல கொழந்தைங்க கீதா?"

"ஒரு பொண்ணு கீது" என்றாள் அண்ணி, தலைநிமிராமல்.

"பாவம். அப்பன்காரன் இன்னா பண்றான்?"

"குடோன்ல மோந்து பாக்குறான்."

உச்சிமாகாளி மின்விசிறியைப் பார்த்தார். உள்ளே சாரா இருமினாள். ஒருமுறை. பிறகு நிறுத்தாமல்.

அண்ணன் எழுந்து போய் பீரோவைத் தள்ளினான். தரையிலிருந்து இடுப்புயரம்வரை சுவர் கறுப்பும் பச்சையுமாக மெத்தென்று பூத்திருந்தது. இத்தனை நாளாக அது எங்களோடு ஒரே அறையில், ஒரு சத்தமும் இல்லாமல் வளர்ந்திருக்கிறது.

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். சிவப்பு சாக்பீஸை எடுத்து, தான் பூசின சுவரில் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட்டான். பிறகு உளியும் சுத்தியலும் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.