கருமத்தம்பட்டியில் பேர் கூப்பிட்ட துரை

போத்தனூர்
29.8.1995

சென்னிமலை சம்பந்தி உயர்திரு பாலுசாமி அவர்கள் சமூகத்துக்கு, அப்புசாமி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும், சம்சாரம் சாமியாத்தாளும், மகன் கிருபாசங்கரும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், மகள் லோகப்பிரியாவும், ஒரு காது மட்டும் குத்தப்பட்ட நிலையில் இருக்கும் பேத்தியும் சுகமாக இருக்கச் சென்னிமலை ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காதுகுத்து முகூர்த்தத்துக்குத் தாய்மாமன் சீரோடு வரவேண்டிய நாங்கள், சாயங்காலம், வேட்டி முழங்கால் வரை சேறாக, ஒரு வெள்ளைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றோம். தாங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "வாங்க, சாப்புட்டுப் போட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது என்பது எனக்குத் தெரியும். எங்களுக்காகக் காத்திருந்து, நேரம் தப்பிப் போகவும் பெரியப்பா மடியில் வைத்து ஒரு காதைக் குத்தினார்கள் என்றும், பேத்தி வீறிட்டு அழுது ஆசாரியின் கையைக் கடித்ததால் மறு காது நின்றுபோனது என்றும் லோகப்பிரியா சொன்னாள். குற்றம் முழுக்க என்னுடையதுதான். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைக்காரத் துரையின் பெயர் ஹார்க்னெஸ். சாமியாத்தாள் அதை 'அருக்காணி' என்று ஆக்கிவிட்டாள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். கிருபாசங்கர் வேலை செய்யும் பீளமேட்டுக் கம்பெனிக்கு மிஷின் பார்க்க வந்துபோன பழக்கத்தில், ரிட்டயர் ஆன பிறகு சொந்தச் செலவில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். வந்த காரியம், அவருடைய கொள்ளுத்தாத்தா டிரம் அடித்த பட்டாளம் இந்தப் பக்கம் எங்கோ முகாம் போட்டிருந்த இடத்தைப் பார்ப்பது. பழைய மேப் ஒன்றைக் காட்டினார். அதில் ஊர் பெயரை 'கர்ரமடி' என்கிற மாதிரி என்னவோ எழுதியிருந்தது. ரயில்வேயில் ஊர் பெயர்களோடே குப்பை கொட்டினவன் நான். பார்த்த உடனே, இது கருமத்தம்பட்டி, சென்னிமலை போகிற வழிதான், வண்டியை நிறுத்திக் காட்டிவிட்டுப் பத்து நிமிசத்தில் கிளம்பிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

வேன் ஏறியதும் துரை கதையை ஆரம்பித்தார், கிருபாசங்கர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். சம்பந்தி, பட்டாளம் என்றால் பீரங்கியும் குதிரையும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இவர்கள் அத்தனை பேரும் தங்களை மாதிரி தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். மழை விடாத ஏதோ ஒரு ஊரில், ஆலைத்தறி வந்து கைத்தறி படுத்துப்போகவும், சோத்துக்கு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். கனடாவுக்கு அனுப்பினார்களாம். கப்பல் போய்ச் சேருவதற்குள் அங்கே சண்டை முடிந்து சமாதானமாகிவிட்டது. சும்மா காவல் நின்றே பனியில் கால் விரல் உதிர்ந்துபோனது. அடுத்து ஜமைக்கா. அங்கே சண்டையே இல்லை, காய்ச்சல்தான் இருந்தது, பாதிப்பேர் போனார்கள். பிறகு ஆப்பிரிக்கா, அங்கேயும் இவர்கள் இறங்கின அன்று எதிரி கையெழுத்துப் போட்டுவிட்டான். ஊர்ப்பக்கம் இவர்களைக் கேலி பண்ணிப் பாட்டே கட்டினார்களாம். கடைசியில் மெட்ராஸ். அங்கிருந்து நீலகிரிக் குளிருக்குப் போய் உடம்பு தேறச் சொல்லி உத்தரவு. நம் வெயிலில், சிவப்புக் கம்பளிச் சட்டையோடு, நடந்தே வந்திருக்கிறார்கள். மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் காலரா பிடித்துக்கொண்டது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் ஒரு பட்டாளமே படுத்துவிட்டது. இதைச் சொன்னபோது துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சீர்த்தட்டை மடியில் வைத்திருந்த சாமியாத்தாள், மேலே மூடியிருந்த பட்டுத்துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

கருமத்தம்பட்டியில் பட்டாளத்துச் சமாதி ஏதாவது உண்டா என்று விசாரித்ததில், லட்சுமணசாமி என்பவர் தோட்டத்தில் பழைய கல் இரண்டு நட்டு நிற்கிறது என்றார்கள். இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் வேனை விட்டோம். தண்ணீர் பாய்ச்சியிருந்த சோளக்காட்டு ஓரத்தில் வேன் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. டிராக்டர் அவிநாசிக்குப் போயிருக்கிறது, வந்ததும் இழுத்துவிடலாம் என்றார் லட்சுமணசாமி. முகூர்த்த நேரத்தை நினைத்து நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரைக்கு எதுவும் காதில் விழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடந்து, அந்த இரண்டு கல்லுக்கு முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

நின்று, செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். காகிதம் எதையும் பார்க்கவில்லை. பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்த கொள்ளுத்தாத்தா வருசா வருசம் கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பெயர்களைச் சொல்வாராம், பிள்ளைகளும் சொல்ல வேண்டுமாம், அப்படியே வாய்வழியாக இவர் வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு பெயரைக் கூப்பிடுவார், கொஞ்சம் நிறுத்துவார், அடுத்ததைக் கூப்பிடுவார். காற்றில் சோளத்தட்டு உரசுகிற சத்தம்தான் பதில்.

சாமியாத்தாள் என் காதோரம், எதற்கு நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுகிறார் என்று கேட்டாள். பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் அவரவர் பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் நேரம் விடுகிறார் என்றான் கிருபாசங்கர்.

"அத்தனை தூரத்துல இருந்து வந்து கூப்புடறாரு, ஒருத்தருமே ஏன்னு கேக்காம இருந்தா நல்லாவா இருக்குது" என்றாள். அடுத்த பெயரைத் துரை கூப்பிட்டதும், "இருக்கறாங்க" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

துரை திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "இருக்கறாங்க." அப்புறம் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள், லட்சுமணசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார், நானும் சொன்னேன். எந்தச் சண்டைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத அந்தத் தறிக்காரப் பிள்ளைகளுக்காகக் கருமத்தம்பட்டிச் சோளக்காட்டில் இத்தனை பேர் நின்று பதில் சொன்னோம். முகூர்த்தம் அந்த நேரத்தில்தான் தப்பியது, டிராக்டர் வந்தது மத்தியானத்துக்கு மேல்தான். மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்திருக்கலாம், தெரிந்தேதான் நின்றேன். பாதியில் எப்படிங்க, 'நேரமாச்சு, கிளம்பலாம்' என்று சொல்வது?

ஆகவே, தாங்கள் பெரிய மனது பண்ணி, பேத்தியின் மறு காதையாவது தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த உத்தரவு கொடுக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, விடியும்போதே சீரோடு தங்கள் வாசலில் நிற்போம். இந்த முறை வழியில் எதற்கும் வேன் நிற்காது. இது சத்தியம்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசீர்வாதம். பேத்தியின் குத்தின காதுக்கு ஒரு முத்தம், குத்தாத காதுக்கு இரண்டு.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்குப் பாத்திரமான
அப்புசாமி

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கிருபாசங்கர் கம்பெனியிலிருந்து வந்தான். ஊட்டிக்குக் கிளம்பின துரை, மேட்டுப்பாளையம் ரயிலில் போகும்போது 'காரமடை' என்ற போர்டைப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கி, கம்பெனிக்குப் போன் செய்தாராம். மேப்பில் இருந்த ஊர் அதுதானாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே கருமத்தம்பட்டிக்குப் போன் போட்டு, அப்படியானால் அந்த இரண்டு கல் என்ன என்று லட்சுமணசாமியைக் கேட்டேன். "அது எங்க பாட்டன் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறைச்ச கெணத்துக் கல்லுங்க. விருந்தாளி வந்து நின்னு கண்ணு கலங்கறப்ப, அதைய எப்படிங்க சொல்றது" என்கிறார்.

துரைக்கு வருத்தமே இல்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரமடையில் எல்லாப் பெயரையும் மறுபடி கூப்பிட வேண்டும், பதில் சொல்ல அந்த அம்மா கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சாமியாத்தாள் புளிச்சோறு கட்ட இப்போதே புளி ஊறவைத்துவிட்டாள். ஆகையால் மேலே எழுதின ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தோதுப்படாது. தாங்கள் அன்றைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு காரமடைக்கே வந்துவிட்டால் அரங்கநாதர் கோயில் வாசலில் காதைக் குத்திக்கொள்ளலாம். தறிக்காரர் ஒருவர் பதில் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கும் சந்தோசமாக இருக்கும். வரும்போது ஆசாரியையும் கூட்டி வாருங்கள், கைக்காயம் ஆறியிருந்தால்.