காவிப் பெட்டியும் முன்னறையும்

உயிரே போனாலும் முன்னறையை விட்டுக் கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்குக் கொடியேற இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது. உயிர் போகவில்லை. அறைதான் போனது. எப்படிப் போனது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒளித்தும் பயனில்லை, என் மனைவி ரேணுகாம்பாள் ஏற்கெனவே செங்கம் ரோடு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முன்னறை என்றால் தெருவைப் பார்த்த அறை. அதில்தான் அப்போது என் ரிப்பேர் கடை. ரேடியோ, டேப் ரெக்கார்டர், டி.வி., ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களின் வாக்மேன் எல்லாம் பார்ப்பேன். வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது அந்த ஒரு அறைக்குத்தான். அதனால் ரேணுகாவுக்கும் அதன்மேல் ஒரு கண். அவள் ரவிக்கை தைக்கிறாள். தையல் மெஷின் நாலு வருஷமாகச் சமையல்கட்டு வாசலில் கிடந்தது. அளவு கொடுக்க வரும் பெண்கள் அடுப்பைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. தைத்த ரவிக்கையில் தாளித்த வாசனை அடிக்கிறது என்று வேங்கிக்காலில் வேலை பார்க்கும் ஒரு அம்மா துணியைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அன்றைக்கு ரேணுகா அழுதாள். நான் கூட வருத்தப்பட்டேன், முன்னறையில் உட்கார்ந்துகொண்டு.

"தீபத்துக்கு இருவது ரவிக்க வந்திருக்குதுங்க. நீங்க உள்ள ஒக்காந்து ரிப்பேர் பண்ணா இன்னா? ரேடியோவுக்கு எதுக்கு வெளிச்சம்?"

"ஐ.சி.மேல இருக்கற நம்பர் படிக்க வெளிச்சம் வேணும்."

"எனக்கு ஊசில நூல் கோக்க வேணாமா?"

நான் குரலை உயர்த்தினேன். "இது தொழில் நடக்கற எடம்! எந்தப் பெட்டிய வேணா கொண்டாரச் சொல்லு, தெறந்து பாத்து இன்னா ஏதுன்னு சொல்றவன் இந்த டவுன்ல நான் ஒருத்தன்தான்!"

என் வாய்க்குச் சனி பிடித்த நேரம். வாசலில் தசரதன் நின்றிருந்தான். ஆசிரமம் பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவன். அவன் ஆம்ப்ளிஃபையரைப் போன வாரம் சரி செய்து கொடுத்திருந்தேன். கையில் ஒரு துணிப்பை.

"அண்ணே, ஒரு வெள்ளக்காரரு ரூம காலி பண்ணிட்டு இத உட்டுட்டுப் போயிட்டாரு. எனுக்கு வேணாம்னு எழுதியே வெச்சிட்டாரு. நீங்க வெச்சிக்கோங்க."

பெட்டி ஒரு வி.சி.ஆர். அகலம், அதில் பாதி உயரம். முன்னால் நாலைந்து பட்டன், ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். பின்னால் ஐந்து ஓட்டை போட்ட வட்ட சாக்கெட் மூன்று. பெட்டி முழுக்க அந்த மனிதர் பக்தி முற்றிக் காவி பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"கூட ஒரு பொஸ்தகமும் இருந்துச்சுண்ணே."

"பொஸ்தகம் பாத்து வேல செய்யறவன் மெக்கானிக்கா தசரதா? ரேணுகா, அத எங்கனா தூக்கி வை."

"எங்க வைக்கட்டும்?" என்றாள் ரேணுகா.

"எங்க வேணா வை. என் கண்ணுல படாம வை."

அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பெயிண்ட் கரைக்கும் தின்னரையும் பழைய பனியனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காவி நன்றாகவே போனது. ஜோராகத் தேய்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், ஒன்றையும் விடவில்லை. பனியன் முதலில் காவியாகி, அப்புறம் அதில் கொஞ்சம் வெள்ளையும் ஒட்டியது. வெள்ளை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கம்பெனிக்காரன் அச்சடித்திருந்த பெயரும் எழுத்தும்தான் அந்த வெள்ளை. இப்போது பெட்டி மொழுமொழுவென்று மின்னியது. யார் பெற்ற பிள்ளை என்று தெரியவில்லை.

தசரதன் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பினான். ரேணுகா கதவோரம் நின்று பார்த்தாள்.

"இன்னா பெட்டிங்க இது?"

"சொல்றேன். தெறந்தா சொல்றேன்."

"எப்ப?"

"கொடியேறதுக்குள்ள இது பேரு, ஊரு, வருஷம் எல்லாம் சொல்றேன். சொல்லலன்னா இந்த ரூம எடுத்துக்கோ."

"சொல்லிட்டா?"

"நீ ஜென்மத்துக்கும் இந்த ரூம் பேச்சே எடுக்கக் கூடாது."

"எப்டி வேணா கண்டுபுடிக்கலாமா?"

"எப்டி வேணா!"

"சரிங்க," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே சரி சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பச்சைப் பலகையில் ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து நோட்டில் எழுதினேன். ஒரு சாக்கெட்டுக்குப் பின்னால் எட்டுக் கால் ஐ.சி. ஒன்று. அதற்குள் ஒரு குட்டி விளக்கும், அந்த விளக்கைப் பார்க்க ஒரு குட்டிக் கண்ணும் இருக்கும். வயரில் வரும் சேதி வெளிச்சமாகத்தான் உள்ளே போகும். இதே ஐ.சி.யை அருண்பிரசாத்தின் கீபோர்டில் பார்த்திருக்கிறேன். அவன் கீழ்பென்னாத்தூர்க்காரன், கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். அப்படியென்றால் இது டேப் ரெக்கார்டர் சாக்கெட் இல்லை, மிடி சாக்கெட்! ஒரு வாத்தியம் இன்னொரு வாத்தியத்துக்குக் கட்டளை அனுப்பும் வழி. துள்ளிக் குதித்தேன்.

"ஏங்க," உள்ளேயிருந்து ரேணுகா கூப்பிட்டாள். "மேல் தட்டுல புளி டப்பா இருக்குது, எனக்கு எட்டல. கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்."

"நான் இன்னா வேல பாத்துக்கினு இருக்கறேன், நீ புளின்ற!"

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் மூளை ஐ.சி. கிடைத்தது. இசட் எண்பது. எல்லாருக்கும் தெரிந்த ஐ.சி., எந்தப் பெட்டியிலும் இருக்கும், எனவே உபயோகமில்லை. இன்னொன்றின் முதுகில் 9214 என்று இருந்தது. தொண்ணூற்றி இரண்டாம் வருஷம் பதினாலாவது வாரம் செய்தது என்று அர்த்தம். வருஷமும் மாட்டிக்கொண்டது! பலகையின் மூலையில் ஜப்பான் என்று அச்சு. ஊரும் ஆயிற்று. பெயர்தான் பாக்கி.

பெயர் சொல்லக்கூடிய ஒரே ஆள் நடுவில் இருந்த பெரிய சதுர ஐ.சி. நாலு பக்கமும் சீப்புப் பல் போல நூறு கால். அதன் நம்பரை எந்தப் புத்தகத்திலும் காணோம். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னை ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது கம்பெனிக்காரன் தனக்குன்னு செஞ்சிக்கிட்ட ஐ.சி., சகாதேவன். வெளியில விக்க மாட்டான், நம்பர் எங்கயும் போட மாட்டான். அந்தப் பெட்டியோட பொஸ்தகம் இருந்தாத்தான் தெரியும். பொஸ்தகம் இல்லியா?"

"இல்ல" என்றேன்.

ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்கும் போனேன். நம்பரை அடித்ததும் கம்ப்யூட்டர் யோசித்தது. அப்புறம் ஏதோ ஊரில் டிராக்டர் விற்கிறவனின் பக்கத்தைக் காட்டியது. வீட்டுக்கு வந்து பேச்சோடு பேச்சாக ரேணுகாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கு தசரதன் ஒரு பொஸ்தகம் குடுத்தானே…"

"ஆமாங்க. நீங்க கண்ணுல படாம வைக்கச் சொன்னீங்க."

"எங்க வெச்ச?"

"நம்ம வீட்லதான் இருக்குது. வேணும்னா பாத்துக்கோங்க." துணியில் சாக்பீஸ் கோடு போட்டபடியே சொன்னாள். "எப்டி வேணா கண்டுபுடிக்கலாம்னு பேசிக்கினோமே."

"எனக்கு எதுக்கு பொஸ்தகம்? சும்மா கேட்டேன்."

அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், பரணில், பீரோவில், பழைய பேப்பர் கட்டில், தலையணை உறைக்குள். அரிசி மூட்டை கூடத்தில் இருந்ததால் அதையும் தூக்கிப் பார்த்தேன். சாமி படங்களுக்குப் பின்னால் பார்த்துவிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஒரு மூலை விடவில்லை. புத்தகம் இல்லை. அவள் பொய் சொல்கிறாள், தொலைத்துவிட்டாள் என்று முடிவுக்கு வந்தேன். அதில் ஒரு நிம்மதி கூட இருந்தது.

ஏழாம் நாள் அவளுக்குத் தலைவலி. "இன்னிக்கி ஒரு நாள் நீங்களே காபி போட்டுக்கோங்க. காபித்தூள், புளி டப்பா பக்கத்துலதான் இருக்குது."

நான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்க் குடித்தேன். அவளுக்கும் ஒரு பார்சல் வாங்கி வந்தேன். பெருமையாகக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எத்தன தடவதான் சொல்றது," என்று முனகினாள். தலைவலியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கொடியேற ஒரு நாள் மிச்சம். என் நோட்டில் ஐம்பத்தேழு ஐ.சி. நம்பர், பெயர் மட்டும் இல்லை. முன்னறையைச் சுற்றிப் பார்த்தேன். மேசை, ஸ்பீக்கர், ஜன்னல் வழியாகத் தெரியும் மலை. எனக்கு அழுகையே வந்தது. அப்போதுதான் அந்த யோசனையும் வந்தது. பெயர் எனக்குத் தெரியாதென்றால் அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நான் எதைச் சொன்னாலும் அதுதான் பெயர்!

அருண்பிரசாத்தைச் சாட்சிக்கு வரச் சொன்னேன். கீபோர்டோடு வந்தான். வயரைப் பெட்டியில் சொருகி ஒரு கட்டையை அழுத்தினான். பெட்டியிலிருந்து கணீரென்று பியானோ சத்தம் வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஐ.சி.யைப் படித்து நான் சொன்னது அத்தனையும் சரி.

"சூப்பர்ண்ணே! எல்லா வாத்தியமும் இதுக்குள்ள இருக்குது. பேரு இன்னா?"

ரேணுகா கையில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஊரு, ஜப்பான். வருஷம், தொண்ணூத்தி ரெண்டு. வேல, மிடில வர்ற கட்டளைய வாங்கி சத்தம் குடுக்கறது. பேரு…" ஒரு வினாடி நிறுத்தினேன். "ஒசாகா சவுண்ட் ஐந்நூறு."

"ஒசாகாவா?" என்றான் அருண்பிரசாத்.

"அபூர்வமான பெட்டி. உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்குது."

"நிச்சயமாங்க?" என்றாள் ரேணுகா.

"ஐ.சி. பொய் சொல்லாது ரேணுகா."

"ஐ.சி. சொல்லாதுங்க," என்று அவள் உள்ளே போனாள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. டப்பாக்கள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு வழவழப்பான புத்தகம். விரித்த நிலையில் மேல் தட்டில் போட்டு, டப்பாக்களை மேலே அடுக்கி வைத்திருக்கிறாள். அட்டையில் என் பெட்டியின் போட்டோ, காவி இல்லாமல். அதன்மேல் வட்டமாகப் புளிக்கறை. கறைக்கு நடுவில் பெயர்: மினோரி எம்-40.

"தீபத்துக்குத் தட்டுல எல்லாம் பேப்பர் மாத்தினேன். இது நல்ல கெட்டித் தாளா இருந்துச்சு."

"வீடு பூரா தேடினேனே!"

"சமையக்கட்டுலயுமா?"

நான் அட்டையிலிருந்த புளிக்கறையைப் பார்த்தேன்.

"புளி டப்பா எடுக்கச் சொன்னேன். காபித்தூள் எடுக்கச் சொன்னேன். கை பட்டிருந்தா கண்ணுல பட்டிருக்கும். கல்யாணம் ஆயி பன்னெண்டு வருசம், அந்தத் தட்டுல இன்னா இருக்குதுன்னு ஒரு நாள் பாத்திருக்கீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அப்புறம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த சத்தப் பட்டியலை விரலால் தடவினாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள்.

"தம்பி, நூத்தி இருவத்தேழாம் நம்பர் வெச்சி அமுக்குங்க."

அருண்பிரசாத் வைத்து அழுத்தினான். முன்னறை முழுக்கக் கைதட்டல் கேட்டது. ஐந்நூறு பேராவது தட்டியிருப்பார்கள். அவன் கட்டையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

கொடியேற்றத்தன்றே மெஷின் முன்னறைக்கு வந்துவிட்டது. இருபது ரவிக்கையும் நேரத்துக்குப் போனது, தாளித்த வாசனை இல்லாமல். என் மேசை இப்போது அடுப்புக்குப் பக்கத்தில். வெளிச்சம் கம்மிதான். ரிப்பேருக்கு வருகிறவர்கள் முன்னறையில் செருப்பைக் கழற்றும்போதே ரேணுகா சொல்லிவிடுகிறாள்:

"நேரா உள்ள போங்க. புளி கரைச்சிக்கினு ஒருத்தர் இருப்பாரு, அவர்தான் மெக்கானிக்கு."